ஸ்டாலின்கிராட் பக்கம் கால் சுற்று

இன்று காலை கறுப்பு அங்கியை அலுமாரியிலிருந்து எடுத்தேன். இந்த ஆண்டின் முதல் கடுங்குளிர். லாசப்பல் மெத்ரோ வாசலில் பயண அட்டைக்காக அங்கிப் பைக்குள் கைவிட்டபோது விரலில் இரும்பு சில்லென்று பட்டது. வளைந்த சிறு திறப்பு, திருகாணி திருப்புகிற சாவி. நம் தொலைநோக்கியின் அடியில் இருக்கும் பெரிய கண்ணாடியைத் திருத்துகிற திறப்பு. போன குளிர்காலத்தின் கடைசி மாலையில், "பத்திரமா வை, தொலைச்சேன்னா கொன்னுடுவேன்" என்று நீ என் கையில் தந்தது. பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. தடுப்பின் முன் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏதாவது வேண்டுமா என்று பிரெஞ்சில் கேட்டாள். வேண்டும். ஆனால் அதை அவளிடம் எப்படிக் கேட்பது?

நேற்றுத்தான் உன் அண்ணன் சார்செலிலிருந்து அழைத்திருந்தார். வரும் ஞாயிறு காரோடு வந்து தொலைநோக்கியை எடுத்துப் போகிறாராம். "அவ சாமான் எல்லாம் ஒரே எடத்துல இருக்கணும்னு அம்மா ஆசப்படுறாங்க. அவ ரூம்ல ஒரு மூலையில நிக்கட்டும்ங்க" என்றார். "ஓம், வந்து எடுங்கோ" என்றேன். வேறு என்ன சொல்வது? அது உன்னுடையது. நான் உனக்குக் கீழ் மாடியில் இருந்த அயல்வீட்டுக்காரி.

ஆனால் ஞாயிறுக்குள் நான் ஒருமுறை சனிக் கோளைப் பார்த்தாக வேண்டும். நீ சொன்ன வேலை அது. மருத்துவமனையில், சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாய்: "அடுத்த குளிருக்கு வளையம் தொறக்கும்டி. நான் இல்லன்னா நீ பாத்துச் சொல்லு." நான் கோபப்பட்டேன். அந்த "இல்லன்னா"வுக்காக உன்னோடு ஒரு மாலை முழுவதும் சரியாகப் பேசவில்லை. பிறகு நீ பேசுகிற மாலைகள் அதிகம் மிஞ்சவில்லை.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து இதை எழுதத் தொடங்கினேன். வெளியே மழை.

நீ அந்தத் தொலைநோக்கிக் குழாயோடு வந்த நாள் நினைவிருக்கிறது. பெற்றோர் வீட்டில் அதை வைத்துப் பார்க்க இடமில்லை என்று, சார்செலிலிருந்து புறநகர் ரயிலில் ஏற்றி, கார் து நோர் நிலையத்தில் இறக்கி, ரூ காய் தெரு வழியாகத் தோளில் சுமந்து வந்தாய். புடவைக்கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்களாம், யாரோ வெள்ளைக்கார வீட்டுக்கு மழைநீர்க் குழாய் பொருத்தப் போகிறாள் என்று. நம் கட்டட வாசலில் நான் காய்கறிப் பையோடு நின்றேன். "ஏங்க, அந்தக் கதவக் கொஞ்சம் புடிங்க" என்று நேராகத் தமிழில் சொன்னாய்.

"நான் தமிழெண்டு எப்பிடித் தெரியும்?"

"பையில முருங்கக்கா நீட்டிக்கிட்டு இருக்குதே."

நான் ஒரு பக்கம் பிடித்தேன். அடிப்பக்கம். அன்றைக்கு அப்படி அமைந்தது. அதன் பிறகு எப்போதும் நீ மேல்பக்கம், நான் அடிப்பக்கம் என்றே ஆகிவிட்டது. நீ பாண்டிச்சேரிக்காரி, நகரசபை அலுவலகத்தில் உட்கார்ந்து பிறப்புச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் எழுதிக் கொடுப்பவள். நான் பல்வைத்தியர் ஒருவரின் முன்மேசையில் இருப்பவள். இரண்டு பேரும் பகல் முழுவதும் மற்றவர்களின் பயத்துக்குப் பதில் சொல்லிக் களைத்துப்போய் வருவோம். மாலையில் யாரிடமும் எதுவும் சொல்லாமல் மேலே பார்ப்பது ஓய்வாக இருந்தது.

நம் பின்முற்றத்தை வேறு யாரும் வானம் பார்க்கும் இடமாக நினைத்திருக்க மாட்டார்கள். மூன்று பக்கமும் ஆறு மாடிச் சுவர். தெற்கில் மட்டும் பழைய பட்டறையின் தாழ்ந்த கூரை. அந்தக் கூரைக்கு மேலே ஒரு வேட்டி அகலத்துக்கு வானம். கீழே பச்சையும் மஞ்சளுமாகக் குப்பைத் தொட்டிகள். ஒரு மூலையில் உணவகத்தின் பின்கதவு. அதிலிருந்து கொத்துரொட்டிச் சத்தம் தடதடவென்று வரும். புகைபோக்கியின் சூடான காற்று கண்ணாடியின் முன்னால் போனால் போதும், கோள்கள் கொதிக்கிற எண்ணெயில் போட்ட வடைபோல நடுங்கும். உன்னை அனுப்பினால் சண்டை வரும் என்று நான்தான் கதவைத் தட்டி, அங்கே கொத்துரொட்டி போடுகிற கொத்து அண்ணையிடம் கெஞ்சுவேன்.

"தங்கச்சி, கொத்துப் போடுற நேரத்திலை காத்தாடியை நிப்பாட்டச் சொன்னால் நான் அவிஞ்சு சாகிறதே?"

"ஒரு கொஞ்ச நேரம் அண்ணை. வியாழன் கூரைக்குப் பின்னாலை போகப்போகுது."

"வியாழன் போனால் வெள்ளி வரும்தானே" என்று சொல்லிக்கொண்டே நிறுத்துவார். நீ இருட்டில் நின்று வாயைப் பொத்திச் சிரிப்பாய்.

காத்தாடி நின்றாலும் மெத்ரோ இருந்தது. இரண்டாம் தடம் நம் தெருவின் முனையில் பாலத்தின் மேல் ஓடுகிறது. ஒவ்வொரு வண்டிக்கும் நிலம் அதிர்ந்து, நட்சத்திரம் கோடாக இழுபடும். அதனால் வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் பார்க்கப் பழகினோம். ஒருத்தி பார்த்தவுடன் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். ஒதுங்காவிட்டால் மற்றவள் பார்ப்பதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும், அல்லது பூமி சுற்றுகிற சுற்றில் கோளே வட்டத்தைவிட்டு நழுவிவிடும். "அலே, நகரு!" என்று என் தோளைத் தள்ளுவாய். உன் "அலே"யில் பிரெஞ்சும் பாண்டிச்சேரியும் பாதி பாதி.

கண்ணாடி திருத்துவதற்கும் இரண்டு பேர் வேண்டும். குழாயைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் அடிக்கண்ணாடி கொஞ்சம் விலகிப்போகும். விலகினால் நட்சத்திரங்கள் புள்ளியாக இல்லாமல் வால்வைத்துத் தெரியும். மேல்பக்கத் துளையில் ஊசி ஓட்டை போட்ட மூடியை வைத்து ஒருத்தி பார்க்க வேண்டும்; அடிப்பக்கம் இருக்கிற மூன்று திருகாணிகளை மற்றவள் திருப்ப வேண்டும். குழாய் என் கையைவிட நீளம். ஒருத்தியால் இரண்டும் ஆகாது. மேல், கீழ், இடம், வலம் என்றால் எனக்கும் உனக்கும் மாறிப்போகும் என்று நீ மூன்றுக்கும் பக்கத்து ரயில் நிலையங்களின் பெயர் வைத்தாய். குப்பைத் தொட்டிப் பக்கம் இருப்பது ஸ்டாலின்கிராட். உணவகக் கதவுப் பக்கம் லாசப்பல். படிக்கட்டுப் பக்கம் கார் து நோர்.

"ஸ்டாலின்கிராட் பக்கம் கால் சுத்து. போதும், போதும். இப்ப லாசப்பல், மெதுவா. உள்ள வா, உள்ள வா... உக்காந்துட்டுது!"

என்ன உட்கார்ந்தது என்று நான் கேட்டதில்லை. "கண்ணு என்னோடது, கை உன்னோடது" என்பாய். எனக்கு அது போதுமாக இருந்தது. உன் கண்ணை நம்பினேன். ஒருநாளும் மேலே ஏறி அந்த ஓட்டைக்குள் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை.

என் அம்மாவுக்கு நாம் வானம் பார்ப்பதில் குறையில்லை. சனியைப் பார்க்கிறோம் என்று தெரிந்த அன்றுதான் சண்டை பிடித்தாள். "ஊருலகத்திலை ஆக்கள் சனிபகவான்ரை பார்வை படக்கூடாதெண்டு எள்ளெண்ணெய் எரிக்கினம். நீங்கள் ரெண்டு பேரும் குழாய் வைச்சுத் தேடிப் போய்ப் பாக்கிறியள்!" கத்தோலிக்கப் பிள்ளையான நீ எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அவளுடைய இடியப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாய்: "ஆன்ட்டி, அவரு நம்மளப் பாக்கறாரா, நாம அவரப் பாக்கறமா? நாம பாத்தா நமக்குத்தானே பவரு?" அம்மா சிரித்துவிட்டாள். அவளைச் சனிபகவான் விஷயத்தில் சிரிக்க வைத்தவள் நீ ஒருத்திதான்.

போன குளிர்காலத்தில் சனியின் வளையம் சரியாகத் தெரியவில்லை. பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை போல அது நமக்குப் பக்கவாட்டில் திரும்பி, கத்தி முனைபோல மெலிந்துவிடும் என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். ஆனாலும் எனக்கு ஏமாற்றம். ஒரு மஞ்சள் உருண்டை, அதன் நடுவே ஊசிக்கோடு. "ப்ரோஷெத்" என்றாய். "கம்பில சொருவின கறித்துண்டு மாரி இருக்கார் பாரு." அன்றைக்கு நீ மடக்கு நாற்காலி கொண்டுவந்திருந்தாய். அதற்கு முன் ஒருநாளும் உட்கார்ந்து பார்த்தவள் இல்லை. வேலைக் களைப்பு என்றாய். நான் நம்பினேன். உன் கண்ணை நம்பியதுபோல.

கோடை தொடங்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ மருத்துவமனையில் இருந்த அந்த வசந்தத்தில், ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் கோயிலுக்குப் போனேன். கறுப்புத் துணியில் எள்ளை முடிந்து, எண்ணெயில் தோய்த்து, கொளுத்தினேன். நான்! எந்தக் கோளும் எந்த மனிதரையும் பார்ப்பதில்லை என்று அம்மாவோடு சண்டை பிடித்த நான். அந்தச் சட்டியின் புகை கண்ணில் ஏற, "நாங்கள் விளையாட்டாகத்தான் பார்த்தோம், அவளை விட்டுவிடு" என்று பிரெஞ்சிலும் தமிழிலும் மாறி மாறிக் கெஞ்சினேன். அங்கிருந்து நேராக உன்னிடம் வருவேன். "உன் தலையில என்னடி நல்லெண்ண வாசன?" என்று ஒருமுறை கேட்டாய். எண்ணெய் வைத்து முழுகினேன் என்று சொன்னேன். நீ சிரிப்பாய் என்று பயந்து சொல்லவில்லை. இப்போது நினைக்கிறேன், சொல்லியிருக்கலாம். நீ சிரித்திருப்பாய்.

உன் இறுதிப் பூசையன்று தேவாலயத்தில் கடைசி வரிசையில் நின்றேன். உன் அண்ணன் வந்து, "நீங்க மேரில, நகரசபை ஆபீசுல, அவ கூட வேல செஞ்சவங்களா?" என்று கேட்டார். இல்லை, ஒரே கட்டடம் என்றேன். "ஓ, மெர்சிங்க, வந்ததுக்கு" என்று கையைப் பிடித்தார். நல்ல மனிதர். அவருக்குச் சொல்ல என்னிடம் சொல்லே இருக்கவில்லை. அயல்வீட்டுக்காரி என்றால் குறைவு. தோழி என்றால் உன் தோழிகள் ஆயிரம் பேர் அங்கே நின்றார்கள். வீட்டுக்கு வந்தால் அம்மா மெதுவாகச் சொன்னாள், "நான் அப்பவே சொன்னனான் பிள்ளை." அவள் கெட்ட மனத்தோடு சொல்லவில்லை. அழுதுகொண்டுதான் சொன்னாள். ஆனாலும் அவள் சமைத்ததை அந்தக் கிழமை முழுவதும் என்னால் விழுங்க முடியவில்லை.

இதை எழுதி நிறுத்திய பிறகு மழை விடவே இல்லை. ஒவ்வொரு மாலையும் வேலையிலிருந்து ஓடிவந்து முற்றத்தில் நின்றேன். மேலே ஈரமான சாம்பல் நிறம், நகர வெளிச்சம் பட்டுச் செம்மண் கரைத்ததுபோல. ஒருநாள் சத்தமாகவே கத்திவிட்டேன், யாரை என்று தெரியாமல். மூன்றாம் மாடியில் சன்னல் திறந்து மூடியது.

சனிக்கிழமை பின்னேரம் இருட்டுகிற நேரத்தில் மேகம் விலகியது. ஓடிப்போய், நாம் எப்போதும் அதை வைக்கும் குப்பை அறையின் பின்பக்கத்திலிருந்து குழாயை இழுத்து வெளியே வைத்தேன். உடனே தெரிந்துவிட்டது. போர்வை கிழிந்திருந்தது. அறையைச் சுத்தம் செய்தவர்கள் அதை எங்கேயோ இடித்திருக்கிறார்கள். ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துப் பார்த்தேன். புள்ளி இல்லை. நசுங்கிய விசிறி. கோடை முழுவதும் ஒரு நினைப்பை வைத்துக்கொண்டிருந்தேன்: அந்தத் திருகாணிகள் கடைசியாக உன் கண் சொன்ன இடத்தில் நிற்கின்றன, அவற்றை நான் தொடக்கூடாது, உன் பார்வை அப்படியே இருக்கட்டும் என்று. அது எப்போதோ போய்விட்டிருக்கிறது. எனக்குத் தெரியாமலே போய்விட்டிருக்கிறது.

திறப்பை எடுத்தேன். மேலே ஓடிப் பார்ப்பேன், கீழே ஓடித் திருப்புவேன், மறுபடி மேலே. எதைப் பார்க்கவேண்டும் என்றே எனக்குத் தெரியாது! ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. கண்ணாடியின் நடுவில் ஒட்டிய சின்ன வளையம் தெரிந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கிடந்தன. கை குளிரில் விறைத்துத் திறப்பு விழுந்தது. ஈரத் தரையில் தவழ்ந்து தேடினேன். நீ ஏன் எனக்கு இதைக் காட்டவில்லை? ஏன் கையை மட்டும் கேட்டாய்? உன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

"என்ன பிள்ளை, விழுந்துபோனியோ?"

கொத்து அண்ணை சிகரெட்டோடு கதவில் நின்றார். அழுவதை மறைக்க நேரமில்லை. ஒரு கை வேண்டும் என்றேன். சிகரெட்டை அணைத்துவிட்டு, மாக்கையை ஏப்ரனில் துடைத்தபடி வந்து குந்தினார்.

"எதைத் திருப்ப?"

"ஸ்டாலின்கிராட் பக்கம் கால் சுற்று."

"ஸ்டாலின்கிராட்டோ? இஞ்சை இருந்து ஒரு ஸ்டேசனெல்லே?"

"குப்பைத் தொட்டிப் பக்கத்து ஆணி அண்ணை. லாசப்பல் உங்கடை கதவுப் பக்கம்."

"நல்லதாப் போச்சு. இருவது வருசமா லாசப்பல்லைதானே நிக்கிறன், வழி தெரியும்."

அவர் திருப்பினார். புள்ளி ஓடிப்போய் எங்கோ விளிம்பில் நின்றது. "ஐயோ, கனக்கத் திருப்பிப்போட்டியள்!" "நான் கொத்துப் போடுறவன் பிள்ளை, எனக்கு நகைவேலை தெரியுமெண்டு சொன்னனானே?" மறுபடி. கார் து நோர் கொஞ்சம். ஸ்டாலின்கிராட் திரும்பக் கொஞ்சம். புள்ளி தயங்கித் தயங்கி வந்தது. நான் என்னை அறியாமல் சொல்லிக்கொண்டிருந்தேன், உள்ள வா, உள்ள வா என்று. வளையத்துக்குள் புள்ளி போய் இருந்தபோது என் வாயிலிருந்து உன் குரல் வந்தது.

"உக்காந்துட்டுது!"

அண்ணை நிமிர்ந்து பார்த்தார். "என்ன, பாண்டிச்சேரிப் பாசை கதைக்கிறாய்?" பிறகு அவருக்கே விளங்கிவிட்டது. உள்ளே போனார். நான் கேட்காமலே காத்தாடி நின்றது.

பட்டறைக் கூரைக்கு மேலே, மேகத்தின் கிழிசலில், சனி நின்றது. குழாயைத் திருப்பி, ஒரு வண்டி கடந்துபோகக் காத்திருந்தேன். நிலம் அடங்கியது.

பார்த்தேன். சொல்கிறேன் கேள். வளையம் திறந்துவிட்டது. அகலமாக இல்லை, பாதி மூடிய கண்ணிமைபோல. ஆனால் இரண்டு பக்கமும் இருட்டு உள்ளே தெரிகிறது, உருண்டைக்கும் வளையத்துக்கும் நடுவில், நூல்போல. வலப்பக்கம் அதன் நிலவு ஒன்றும் இருந்தது. நிறம் நெய் நிறம். கொஞ்சமும் நடுங்கவில்லை. அது நம்மைப் பார்க்கவில்லை. ஒருநாளும் பார்த்ததில்லை. நான் எரித்த எள்ளுக்கும் உன் நோய்க்கும் அம்மாவின் பயத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. குற்றம் சொல்ல ஏதாவது ஒன்று அதில் இருக்கும் என்று நான் உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. ஒன்றுமில்லை. அழகாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

உடனே இடப்பக்கம் ஒதுங்கினேன்.

பழக்கம். அடுத்த வண்டி வருமுன் நீ பார்க்க வேண்டுமே. ஒதுங்கி, "கெதியாப் பார்" என்று சொல்லியும்விட்டேன். கண்துளையின் முன் இடம் வெறுமையாக இருந்தது. உள்ளே தோசைக்கல்லில் அண்ணை கரண்டியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. மறுபடி போய்ப் பார்க்கவேண்டும் என்று தெரிந்தது. என் கால் நகரவில்லை. சனி வட்டத்தைவிட்டு நழுவுகிறது என்று தெரிந்தும் அங்கேயே நின்றேன். பாலத்தின் மேல் வண்டி வந்து போனது. பிறகு மேகம் மூடிக்கொண்டது.

ஞாயிறு காலை உன் அண்ணன் வந்தார். அவர் மேல்பக்கம் பிடித்தார், நான் அடிப்பக்கம். காரின் பின்னிருக்கையில் படுக்கவைத்து இருக்கைப் பட்டி போட்டார். "இதுல கடைசியா என்ன பாத்தீங்க?" என்று கேட்டார், மரியாதைக்கு. சனி என்றேன். அவருக்கு முகம் மாறியது. "நானும் ஒருவாட்டி பாத்திருக்கலாம்ங்க. கூப்டுகிட்டே இருந்தா. வேல, வேலன்னு..." எனக்கு அவர்மேல் இருந்த கசப்பெல்லாம் அந்த இடத்தில் எங்கே வைப்பதென்று தெரியாமல் போயிற்று. எப்படித் திருத்துவது, மூன்று ஆணிக்கும் என்ன பெயர் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சார்செல் போவதற்குள் தெருக் குலுக்கலில் புள்ளி வளையத்தைவிட்டு ஓடிவிடும். உன் அறை மூலையில் அது சுவரைப் பார்த்து நிற்கும். திருத்த யாரும் இல்லை.

திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. எந்த இரும்புக்கடையிலும் கிடைக்கிற சாதாரணத் திறப்பு. அதை வைத்துத் திறக்கவோ திருப்பவோ இனி என்னிடம் எதுவும் இல்லை. ஆனாலும் அங்கிப் பையில் கிடக்கிறது. மெத்ரோவில் நிற்கும்போது விரல் அதைப் பிடித்துக் கால் சுற்றுத் திருப்பிப் பார்க்கிறது.

நீ பார்த்துச் சொல்லச் சொன்னாய். சொல்லிவிட்டேன். இதற்கு மேல் உனக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று தெரியாமல் பயமாக இருக்கிறது. நேற்று வேலை முடிந்து வரும்போது, கார் து நோரின் தண்டவாளங்களுக்கு மேலே, மேகமில்லாமல், வெறுங்கண்ணுக்கே சனி தெரிந்தது. பாலத்துக் கம்பியோரம் நின்று பார்த்தேன். பார்த்து முடிந்ததும் இடப்பக்கம் ஒதுங்கினேன். சனங்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். உனக்காக ஒதுங்கிய அந்த இடத்தை நான் வேறு யாருக்கும் விடவில்லை.